பள்ளியில் நிலைத்த பிள்ளை

அண்ணல் அம்பேத்கரைப் பற்றிய கட்டுரை ஒன்று இம்மலரில் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்தபோது, எதை எழுதுவது என்னும் கேள்வி எழுந்தது. அரசியல் சட்டத்தை வரைந்த மேதை என்று எழுதுவோர் பலர் உளர். வட்டமேசை மாநாட்டையும் பூனா ஒப்பந்தத்தையும் பற்றி நம் மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. ஆனால் அவர் ஒரு சிறுவனாக இருந்து, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போய், ஒரு கட்டத்தில் படிப்பே வேண்டாம் என்று ஓடிப்போக எண்ணிய கதையை நம் இளைஞர்களுள் அறிந்தோர் சிலரே. கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் எழுதத் தக்கது அதுவே என்று கருதி, அதனையே எழுதத் துணிந்தோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சூன் மாதத்தில் நம் கழகத்தார் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி வருகிறோம். சேர்க்கிறார்கள். தை பிறப்பதற்குள் சில பிள்ளைகள் காணாமற் போய்விடுகிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் இன்னும் சிலர். காரணம் கேட்டால் பெற்றோரும் ஆசிரியரும் ஒரே விடையையே சொல்கின்றனர்: பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. இந்த விடையைக் கேட்டுக் கேட்டு நாமும் பாதி நம்பிவிட்டோம். இப்போது அதற்கு இடைநிற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை தானே நடந்து வந்து, தானே நடுவழியில் நின்றுவிட்டது போல அப்பெயர் ஒலிக்கிறது. அது பிள்ளையின் குற்றந்தானா என்பதை அண்ணலின் வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், நடு இந்தியாவில் மௌ என்னும் படைமுகாமில் அவர் பிறந்தார். தந்தையார் ராம்ஜி மாலோஜி சக்பால், தாயார் பீமாபாய். பதினான்காவது குழந்தை. அப்பதினால்வருள் வளர்ந்து ஆளானவர் ஐவரே: பலராம், ஆனந்தராவ், பீமராவ் என ஆண்மக்கள் மூவர், மஞ்சுளா, துளசி எனப் பெண்மக்கள் இருவர். குடும்பத்தின் சொந்த ஊர் கொங்கணக் கரையில் இரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே. குலம் மகார். ஊர்க்காவல், ஓலை கொண்டு போதல், செத்த மாட்டை அகற்றுதல் முதலிய பணிகள் சுமத்தப்பட்ட குலம் அது. நம் பக்கத்தில் வெட்டியான் பணி செய்த குடும்பங்களின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அக்குலத்தில் பிறந்த ராம்ஜி எழுதப் படிக்க அறிந்தது எப்படி என்பதை நாம் கவனிக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் மகார் மக்களைப் பட்டாளத்தில் சேர்த்தனர். பட்டாளத்தில் இருந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் படிக்கவே வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தது. பகலில் போக முடியாதவர்களுக்கு இரவுப் பள்ளி இருந்தது. ராம்ஜி சுபேதார் பதவிக்கு உயர்ந்தார்; படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் விளங்கினார். எந்தக் குலத்துக்கு ஊர்ப்பள்ளியின் கதவு மூடியிருந்ததோ, அதே குலத்திலிருந்து ஒரே தலைமுறையில் ஒரு தலைமையாசிரியர் வந்தார். ஊரில் ஏறாத படிப்பு முகாமில் ஏறியது. மனிதர்கள் அவர்களேதாம்.

ஆனால் அந்த வழியும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் மகார் மக்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்திவிட்டது. ராம்ஜியும் ஓய்வு பெற்றார். தாபோலியில் சில காலம் இருந்துவிட்டுச் சாத்தாராவில் ஒரு வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு அங்குச் சென்றார். பீமராவ் ஐந்தாறு வயதுப் பாலகனாக இருக்கையில் தாயார் மறைந்தார். தந்தையின் உடன்பிறந்த அத்தை ஒருவர் வீட்டில் இருந்தார். உடற்குறை உடையவர், ஆயினும் அன்பே உருவானவர். தாயில்லாப் பிள்ளைக்கு அந்த அத்தையே தாயானார்.

1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சாத்தாராவில் அரசு ஆங்கிலப் பள்ளியில் பீமராவ் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியில் அவருக்குக் கிடைத்த இடம் எது? மற்றப் பிள்ளைகள் தத்தம் வரிசைப்படி அமர்ந்திருக்க, அவர் தனியே ஒரு மூலையில் அமர வேண்டும். உட்காரச் சாக்குத் துணி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும். மாலையில் அதைத் தாமே சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டும். பள்ளியைப் பெருக்கும் ஆளும் அதைத் தொடமாட்டான். விடாய் எடுத்தால் மற்றப் பிள்ளைகள் குழாயடிக்குப் போய்த் திருகிக் குடிப்பார்கள். இவர் ஆசிரியரிடம் சொல்லி, ஆசிரியர் ஏவலாளை அனுப்பி, அவன் வந்து குழாயைத் திறந்துவிட்டால் குடிக்கலாம். ஏவலாள் அன்று வரவில்லையென்றால் தண்ணீர் இல்லை. பள்ளி முடியும் வரை நாவறண்டு கிடக்க வேண்டியதுதான்.

எம்முள் மூத்தவர் சிலர் இதைப் படிக்கும்போது தம் இளமையை எண்ணிக்கொள்வர். பள்ளிப் பானையிலிருந்து ஒருவன் மொண்டு உயரத் தூக்கி ஊற்ற, கைகுவித்துக் குடித்த அனுபவம் எம்மவர்க்கும் உண்டு. நீர் பாதி வாயிலும் பாதி சட்டையிலும் விழும். நனைந்த சட்டையோடு வகுப்புக்குள் போகக் கூசி, தண்ணீர் குடிப்பதையே விட்டவரும் உண்டு. கோடைக் காலத்தில் அப்படி நாள் முழுதும் இருந்த பிள்ளைக்கு மாலைக் கணக்கு எவ்வாறு மனத்தில் நிற்கும்? ஆசிரியரின் ஏட்டில் அது கணக்கில் மந்தம் என்றே பதிவாயிருக்கும்.

பள்ளிக்கு வெளியிலும் நிலைமை வேறன்று. சாத்தாராவில் முடி திருத்துவோர் இருந்தனர். கூலி கொடுக்கச் சுபேதாரிடம் பணமும் இருந்தது. எனினும் அவர் பிள்ளைகளின் தலையில் கைவைக்க எவரும் வரவில்லை. தமக்கையரே தம்பிமாருக்கு முடி வெட்டினர். துணியும் அவர்களே துவைத்தனர். கையில் காசு இருந்தும் பயனில்லாத இந்நிலை நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. வறுமைதான் எல்லாவற்றுக்கும் காரணம், வறுமை நீங்கினால் பிள்ளைகள் தாமே படிப்பர் என்று சொல்வோர் இந்த ஒன்றையாவது விளக்க வேண்டும்.

பீமராவ் ஒன்பது வயதினராக இருந்தபோது, 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நடந்த நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் விரிவாக எழுதி வைத்தார். தந்தையார் அப்போது கோரேகாவ் என்னும் ஊரில் காசாளர். அங்குப் பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக அரசு குளம் வெட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அத்தையோடு சாத்தாராவில் இருந்தனர். அத்தையால் சமைக்க இயலாது; ஆகவே சிறுவர்களே சமைத்தனர். ரொட்டி தட்டத் தெரியாமையால், எளிதாகச் செய்யக்கூடிய புலவையே நாள்தோறும் பொங்கித் தின்றார்களாம். அடுப்பும் ஊதிப் பள்ளிக்கும் போன பிள்ளைகள் அவர்கள்!

விடுமுறைக்கு வருமாறு தந்தை எழுதினார். பீமராவும் அண்ணனும் தமக்கையின் மக்களும் புதுச்சட்டை அணிந்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தொடர்வண்டி ஏறி, மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துப் போக ஆள் வரவில்லை. அவர்கள் வரும் செய்தி தந்தைக்கு எட்டவே இல்லை. நல்ல உடை அணிந்த பிள்ளைகளைக் கண்டு பரிவோடு விசாரித்த நிலைய அதிகாரி, மகார் என்று தெரிந்ததும் முகம் மாறி அப்பால் சென்றுவிட்டார். வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இறுதியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் இசைந்தான். அதிலும், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், தான் அருகில் நடந்து வருவேன் என்பது பேச்சு. கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. வழியில் சுங்கச்சாவடிக்காரரிடம் முசுலிம் பிள்ளைகள் என்று சொல்லி, பீமராவ் உருது மொழியில் தண்ணீர் கேட்டுப் பார்த்தார். அங்கும் கிடைக்கவில்லை. சோற்றை வைத்துக்கொண்டே அப்பிள்ளைகள் பட்டினியாய்ப் படுத்தனர். மறுநாள் முற்பகலில்தான் ஊர் போய்ச் சேர்ந்தனர்.

சாத்தாராப் பள்ளியில் இருந்தோர் அனைவரும் கல்நெஞ்சினர் என்று சொன்னால் அது நேர்மையாகாது. அம்பேத்கர் என்னும் பெயருடைய அந்தண ஆசிரியர் ஒருவர், நண்பகலில் தம் உணவில் ஒரு பங்கை இச்சிறுவருக்கு நாள்தோறும் அளித்துவந்தார். அம்பாவடேகர் என்றிருந்த குடும்பப் பெயர் அம்பேத்கர் ஆனதும் அவராலேயே என்பர். பல்லாண்டு கழித்து, உலகறிந்த தலைவரான பின்னும், அந்தச் சோற்றையும் காய்கறியையும் அண்ணல் மறக்கவில்லை. மழையில் முழுக்க நனைந்து வந்த ஒரு நாள், பெண்ட்சே என்னும் மற்றோர் ஆசிரியர் தம் வீட்டுக்கு அனுப்பி மாற்றுத்துணி கொடுக்கச் செய்ததையும் அவர் வரலாறு எழுதினோர் குறித்திருக்கின்றனர். ஓர் ஆசிரியரின் ஒரு கைப்பிடி உணவு ஒரு பிள்ளையைப் பள்ளியோடு கட்டிப் போட வல்லது. எம்மவருள் ஆசிரியர் பணி ஏற்றிருக்கும் இளைஞர்கள் இதைத் தங்களுக்கென்றே எழுதியதாகக் கொள்ளலாம்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். இத்தனைக்கும் நடுவில் பீமராவ் விரும்பிப் படித்த நன்மாணாக்கராய் விளங்கினார் என்று எண்ணினால் தவறு. படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். மறைந்த தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருப்பதைக் காணப் பிள்ளைக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வீட்டுச் சோறு வேண்டாம், தானே உழைத்துப் பிழைப்போம் என்று எண்ணினார். சாத்தாராப் பையன்கள் சிலர் பம்பாய்க்குச் சென்று நூலாலைகளில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டார். தாமும் போய்விடுவது என்று முடிவு செய்தார். வண்டிச் செலவுக்குப் பணம் வேண்டுமே! அத்தை தம் இடுப்பில் சுருக்குப்பை ஒன்றைச் செருகியிருப்பார். இரவில் அத்தையின் அருகில் படுக்கும் சிறுவர் அதை எடுக்க மூன்று இரவுகள் முயன்றார், முடியவில்லை. நான்காம் இரவு பை கையில் சிக்கியது. திறந்து பார்த்தால் அரை அணா!

அரை அணாவைக் கொண்டு பம்பாய்க்குப் போக முடியாது. வெட்கமும் ஏமாற்றமும் சேர்ந்து அந்த இரவில் அச்சிறுவர் மனத்தை மாற்றின. ஊக்கமாய்ப் படித்து, விரைவில் தேர்ச்சி பெற்று, தம் காலில் நிற்பது என்று அன்று உறுதி கொண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தப் பையில் ஐந்து ரூபாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்பாய் ஆலை ஒன்றில் பீமராவ் என்னும் தொழிலாளி ஒருவர் இருந்திருப்பார். பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயரை அடித்து, நின்றுவிட்டான் என்று எழுதியிருப்பார்கள். படிப்பு ஏறாத பையன் என்று ஆசிரியரும் ஐயமின்றிச் சொல்லியிருப்பார். உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் இரண்டில் முனைவர் பட்டம் பெறப்போகும் மூளையைப் பற்றிய மதிப்பீடு அதுவாகவே இருந்திருக்கும். நம் தெருக்களிலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதப்பட்ட மதிப்பீடுகளை, இதை அறிந்த பின் எப்படி நம்புவது?

1904ஆம் ஆண்டளவில் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில் தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்பில் ஓர் அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே விறகு, அதிலேயே படுக்கை. தந்தை முன்னிரவில் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். வீடு உறங்கும் அந்நேரத்தில், பக்கத்தில் ஓர் ஆடும் திரிகையும் இருக்க, மண்ணெண்ணெய் விளக்கொளியில் மகன் படிப்பார். பாடநூலோடு நில்லாமல் வேறு நூல்களும் வேண்டும் என்று கேட்பார். சுபேதாரிடம் பணம் இராது. மணமாகி அதே நகரில் இருந்த மகளிடம் ஓடுவார். அவளிடம் இல்லையெனில் மற்றொரு மகளிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்து, நூலோடு திரும்புவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். அண்ணலின் நூலகத்தைப் புகழ்வோர் அதன் முதல் நூல்கள் எவருடைய நகையில் வந்தன என்பதையும் சொல்லலாம்.

இருவரைப் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஆகவே அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குப் போனார். தம்பி தொடர்ந்தார். இதனை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்து போகின்றனர். நமக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. நம் வீடுகளில் படித்து முன்னேறிய ஒவ்வொருவர் பின்னாலும் படிப்பை விட்ட ஓர் அண்ணனோ அக்காளோ இருக்கிறார்கள். அவர்களுக்கு விழா எடுக்கும் வழக்கம் இல்லை. ராம்ஜியின் பெண்மக்கள் இருவருக்குப் பள்ளி என்ற பேச்சே எழுந்ததாகத் தெரியவில்லை.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசினர் பள்ளி. அங்கும் ஒரு நாள் ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட அழைக்க, பீமராவ் எழுந்தார். உடனே வகுப்புப் பிள்ளைகள் கூச்சலிட்டு முன்னால் ஓடிக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகளை அப்புறப்படுத்தினர். அவை எடுக்கப்பட்ட பிறகே அவர் பலகையைத் தொட முடிந்தது. வடமொழி படிக்க விரும்பினார்; மறுக்கப்பட்டமையால் பாரசீகம் படித்தார். வடமொழியைப் பின்னர்த் தாமே முயன்று கற்றார். 1907இல் மெட்ரிகுலேசன் தேறினார். பெற்ற மதிப்பெண் 750க்கு 282. நம் மாணவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அக்குலத்துப் பிள்ளை ஒருவர் தேறியதே வியப்பாக இருந்தமையால், எஸ். கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. கிருட்டிணாஜி அர்ச்சுனர் கெலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார்; பரோடா மன்னர் சாயாஜிராவிடம் உதவித்தொகை பெற்றுத் தந்தவரும் அவரே. அதன் பின் 1912இல் பி.ஏ., 1913இல் கொலம்பியா, 1916இல் இலண்டன் என்று தொடரும் கதை நம் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்ததே. அதை விடுத்து, படித்துத் திரும்பியவர் தாம் நடந்து வந்த வழியை எவ்வாறு நோக்கினார் என்பதைப் பார்ப்போம்.

1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் கல்வி மானியத்தின் மீது பேசினார். பள்ளிகள் எத்தனை, சேர்ந்த பிள்ளைகள் எத்தனை என்று பெருமையோடு அடுக்குவது அரசின் வழக்கம். அண்ணல் வேறொரு கணக்கை எடுத்தார். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளுள் நான்காம் வகுப்பை எட்டுவோர் 18 பேர்தாம். எஞ்சிய 82 பேர் எழுத்தறியாமைக்கே திரும்பி விடுகின்றனர். பள்ளிக்குள் நுழையும் பிள்ளை, எழுத்தறிவு நிலைக்கும் கட்டத்தை அடையாமல் வெளியேறினால் அப்பிள்ளைக்காகச் செலவிட்ட பணம் எதற்கு என்பது அவர் வாதம். அரசு கல்விக்காக ஆளுக்கு 14 அணா செலவிடுகிறது. கள், சாராய வரியாக ஆளுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் பெறுகிறது. மக்களிடமிருந்து அவ்வரியாக வாங்கும் அளவையாவது கல்விக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டார். அப்போதைய வேகத்தில் போனால் ஆண்பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கு வர 40 ஆண்டும், பெண்பிள்ளைகள் வர 300 ஆண்டும் ஆகும் என்றும் கணக்குக் காட்டினார்.

ஒரு காலத்தில் அந்த 82 பேருள் ஒருவராகப் போக இருந்தவரே அந்த எண்ணைச் சபையில் சொன்னார். அன்று அங்கிருந்தோருள் எத்தனை பேர் அதை அறிந்திருப்பர்? இரண்டாண்டு கழித்து, 1929இல், ஆர்டாக் குழுவினர் நாடு முழுமைக்கும் இதையே ஆராய்ந்து வீணடிப்பு, தேக்கம் என்று பெயர் சூட்டினர். பெயர் நிலைத்துவிட்டது.

சட்டமன்றத்தில் அவ்வாறு பேசிய எட்டாம் நாள், மார்ச் 20இல், மகாத்தில் சவுதார் குளத்தில் இறங்கி ஆயிரக்கணக்கான மக்களோடு அவர் தண்ணீர் குடித்தார். பொதுக் குளங்களும் கிணறுகளும் பள்ளிகளும் அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று போலே கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் 1923இலேயே நிறைவேற்றியிருந்தது, நடைமுறையில் திறந்தபாடில்லை. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் படிப்பது நம் வழக்கம். சாத்தாராப் பள்ளியின் குழாயடியை அறிந்த நமக்கு இவை இரண்டாகத் தோன்றவில்லை. அவ்வாண்டு திசம்பரில் மகாத்தில் மீண்டும் கூடியபோது பெண்களை நோக்கித் தனியே பேசினார். பெண்மக்களையும் பள்ளிக்கு அனுப்புமாறு அங்கு வலியுறுத்தினார்.

அடுத்த ஆண்டு மகார் வதன் முறையைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். சிறு மானிய நிலமும் ஊரார் தரும் தானியமும் பெற்றுக்கொண்டு, அரசுப் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் இரவு பகல் பாராது கட்டுப்பட்டிருக்கும் முறையே வதன். மானியம் பெற்றவர் ஊரில் இல்லையென்றால் வீட்டில் உள்ள எவரையும் வேலைக்கு இழுக்கலாம். பாட்டீலின் ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நாள் தவறாமல் பள்ளிக்கு எங்ஙனம் போகும்? மானியமோ அற்பம், அதை விடவும் மனம் வராது. கல்விக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை அவரைப்போல் தெளிவாகக் கண்டவர் அந்நாளில் அரியர். மசோதாவுக்கு எதிர்ப்பு வலுத்தமையால் 1929இல் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

1925ஆம் ஆண்டு சனவரியிலேயே சோலாப்பூரில் பகிசுகிருத இதகாரிணி சபையின் சார்பில் மாணவர் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. பிள்ளைக்கு ஊர்ப்பணியிலிருந்து விடுதலை, இரு வேளை உணவு, படிக்க விளக்கு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கிடைக்க விடுதியே வழி என்பதை அவர் பரேல் அறையில் கற்றிருந்தார் போலும். 1928இல் சைமன் குழுவிடம் அளித்த அறிக்கையில், 1813 தொடங்கித் தாழ்த்தப்பட்டோர் கல்வியின் வரலாற்றை ஆண்டு வாரியாக எழுதினார். 1856இல் தார்வாரில் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்து மறுக்கப்பட்ட மகார்ச் சிறுவனின் செய்தி அதில் இருக்கிறது. கட்டாயக் கல்வி உண்மையில் நடைமுறைக்கு வந்தாலன்றி, பள்ளியில் அனுமதி கண்டிப்பாக நிறைவேற்றப்பட்டாலன்றி, இம்மக்களின் முன்னேற்றத்துக்கு அடிப்படையே அமையாது என்று அதில் வாதிட்டார்.

தாழ்த்தப்பட்டோர் குறைகளை ஆராயப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். 1929 அக்டோபரில் அப்பணியாகக் கான்தேசத்தில் சுற்றியபோது சாலிஸ்காவ் என்னும் ஊரில் இறங்கினார். குதிரைவண்டிக்காரர் எவரும் அவருக்கு வண்டி ஓட்ட உடன்படவில்லை. ஊர் மகார் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தம்முள் ஒருவரை அமர்த்தினர். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அண்ணலின் கால் எலும்பு முறிந்தது. மசூர் நிலையத்தில் ஒன்பது வயதில் நின்றவர் 38 வயதில், இரு பல்கலைக்கழகங்களின் முனைவராய், பாரிஸ்டராய், அரசுக் குழுவின் உறுப்பினராய் அதே இடத்தில் நின்றிருந்தார். படித்தால் எல்லாம் மாறும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது இதை மறைத்துச் சொல்லக் கூடாது. இந்நிலையை அறிந்தும் அவர் கல்வியைக் கைவிடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியும், பின்னர் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரியும் தோன்றின. கல்விக் கழகம் நடத்துவோர் என்ற முறையில், கட்டடத்துக்கும் கடனுக்கும் அவர் பட்ட பாட்டை எண்ணி நாம் ஆறுதல் கொள்வதுண்டு.

அரசியல் நிருணய சபையில் 1948 நவம்பர் 23ஆம் நாள் நடந்தது அதிகம் பேசப்படாத செய்தி. பதினான்கு வயது நிரம்பும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்பது வரைவு. இதைத் தொடக்கக் கல்வி என்று குறுக்கிவிடலாம் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொடுத்தார். அண்ணல் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தல் ஆகாது என்று இதே சட்டத்தின் மற்றொரு பிரிவு கூறுகிறது. வேலைக்குப் போகக் கூடாத பிள்ளை வேறு எங்கே இருக்க வேண்டும்? பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்று காரணம் காட்டினார். தொழிற்சாலையின் வாயிலும் பள்ளியின் வாயிலும் எதிரெதிரே இருப்பவை, ஒன்றை அடைத்தாலன்றி மற்றொன்று நிறையாது என்பதை, அரை அணாவோடு விழித்திருந்த அந்த இரவை அறிந்தவரிடமிருந்து சபை கேட்டது. திருத்தம் வீழ்ந்தது. பதினான்கு வயது நிலைத்தது.

பத்தாண்டுக் கெடு 1960இல் கழிந்தது. அதற்கு முன்பே, 1956 திசம்பர் 6ஆம் நாள், அண்ணல் மறைந்தார். வதன் முறையை ஒழிக்கும் சட்டம் பம்பாய் மாநிலத்தில் 1958இல் வந்தது. கல்வியை அடிப்படை உரிமையாக்கும் திருத்தம் 2002இலும், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை அதைச் செயற்படுத்தும் சட்டம் 2009இலும் நிறைவேறின. அச்சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

சாத்தாராப் பள்ளி இன்றும் இருக்கிறது. அதன் பழைய பதிவேட்டில் 1914 என்னும் எண்ணுக்கு நேரே பிவா ராம்ஜி அம்பேத்கர் என்னும் பெயர் காணப்படுகிறது. அவர் சேர்ந்த நவம்பர் 7ஆம் நாளை மகாராட்டிர அரசு 2017 முதல் மாணவர் நாளாகக் கொண்டாடச் செய்துள்ளது. நம் கழகத்து இராப்பள்ளிப் பதிவேடும் அலமாரியில் இருக்கிறது. அதில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பெயர்களை வரும் சூன் மாதத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு மறுபடியும் போவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.